ஃப்யூல் பம்ப் கண்ட்ரோல் மாடியூல்: பழுதைக் கண்டுபிடித்து மாற்றுவது எப்படி

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் எடுக்கவில்லை. பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு நாள் கழித்து மேடேறும்போது பாதியில் இழுவை போய் நிற்கிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தவர், "ஃப்யூல் பம்ப் கண்ட்ரோல் மாடியூல் போயிருக்கு, மாத்திடலாம்" என்கிறார்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. பெரும்பாலான வண்டிகளில் இரண்டு போல்ட், ஒன்றிரண்டு கனெக்டர், அவ்வளவுதான். அது உண்மையிலேயே போயிருக்கிறதா, போயிருந்தால் எதனால் போனது என்று கண்டுபிடிப்பதில்தான் பாடு. அதைச் செய்யாமல் புது மாடியூல் போட்டால் அதுவும் போகும். எனக்கே போயிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இது எந்தப் பெட்டி?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டேங்குக்குள் இருக்கும் பம்ப், மிதவை, வடிகட்டி எல்லாம் சேர்ந்த உருளையையும் கடைகளில் 'ஃப்யூல் பம்ப் மாடியூல்' என்றுதான் சொல்வார்கள். நாம் பேசுவது அது இல்லை. டேங்குக்கு வெளியே, பம்புக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி இது. ஃபோர்டு இதை ஃப்யூல் பம்ப் டிரைவர் மாடியூல் என்கிறது. ஜிஎம் வண்டிகளில் ஃப்யூல் சிஸ்டம் கண்ட்ரோல் மாடியூல் என்ற பெயரும் உண்டு. உதிரிபாகம் கேட்கும்போது 'கண்ட்ரோல்' அல்லது 'டிரைவர்' என்ற சொல்லை விட்டுவிட்டால் கைக்கு வருவது வேறு பொருளாக இருக்கும்.

பழைய வண்டிகளில் இந்தப் பெட்டியே கிடையாது, ஒரு ரிலேதான். ரிலே மூடினால் பம்ப் முழு 12 வோல்ட்டில் முழு வேகத்தில் ஓடும். இன்ஜின் குடித்தது போக மிச்சப் பெட்ரோல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்பும். போய்வரும் வழியில் அது இன்ஜின் சூட்டையும் வாங்கிக்கொண்டு வந்து டேங்கைச் சூடாக்கும், ஆவி கூடும். அதைத் தவிர்க்கத்தான் ரிட்டர்ன் லைன் இல்லாத அமைப்பு வந்தது. அதில் ஒரு வகையில் தேவையான அளவு மட்டுமே பம்ப் தள்ள வேண்டும், அதாவது பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மாடியூல் பம்புக்குப் போகும் மின்சாரத்தைக் கண் இமைப்பதற்குள் பலமுறை ஆன்-ஆஃப் செய்து இதைச் சாதிக்கிறது. ஆன் நேரம் கூடினால் பம்ப் வேகம் கூடும். இந்த விகிதத்தைத்தான் டியூட்டி சைக்கிள் என்கிறோம். எவ்வளவு வேண்டும் என்ற கட்டளை இன்ஜின் கம்ப்யூட்டரிடமிருந்து, அதாவது ஈசியுவிடமிருந்து வரும். சில வண்டிகளில் அதற்குத் தனி வயர் உண்டு, சிலவற்றில் வண்டியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை வயரான கேன் லைன் வழியாகச் செய்தியாக வரும்.

ஆக, இந்தப் பெட்டிக்குள் போவது மூன்று: பேட்டரி கரண்ட், எர்த், ஈசியுவின் கட்டளை. வெளியே வருவது ஒன்று: பம்புக்கான கரண்ட். கீழே வரும் சோதனைகள் எல்லாம் இந்த நான்கைச் சுற்றியே ஓடும்.

கை வைக்கும் முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் வண்டிக்கடியில் வேலை பார்க்கும் குழிக்குள் இறங்கி இதைச் செய்யாதீர்கள், காற்றோட்டமான சமதளம் நல்லது. வெளிச்சத்துக்கு எல்இடி விளக்கு வையுங்கள். பழைய குண்டு பல்ப் கீழே விழுந்து உடைந்தால் அதுவே தீப்பொறி. பெட்ரோல் தீயை அணைக்கும் பவுடர் அல்லது ஃபோம் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் வாசனை ஏற்கெனவே அடித்தால் மின்சாரச் சோதனை எதுவும் வேண்டாம். கசிவை முதலில் பாருங்கள்.

மாடியூலை மாற்றுவதற்குப் பெட்ரோல் லைன் எதையும் திறக்க வேண்டியதில்லை. இது உங்களுக்கு ஒரு நிம்மதி. பிரஷர் கேஜ் மாட்டுவதாக இருந்தால் மட்டும் லைனில் இருக்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, தானாக நிற்கும்வரை விட்டு, அப்புறம் இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்தால் பெருமளவு இறங்கிவிடும். அப்படியும் துணி சுற்றித்தான் கழற்ற வேண்டும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜின்களில் உயர் அழுத்தப் பக்கம் அழுத்தம் நூறு, இருநூறு பார் (bar) என்று போகும். அந்தக் குழாய்களைத் தொடவே வேண்டாம். டீசல் காமன் ரெயில் அதைவிடப் பல மடங்கு, தோலைத் துளைத்து டீசல் உள்ளே இறங்கும். இந்தக் கட்டுரை பெட்ரோல் வண்டியின் குறைந்த அழுத்தப் பக்கத்துக்கு மட்டும்.

சும்மா பார்க்க வேண்டியவை

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். மிதவை சிக்கிக்கொண்டால் முள் கால் டேங்க் காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஐந்து லிட்டர் ஊற்றிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட மலிவான சோதனை.

டாஷ்போர்டில் சாவிப்படம் மினுக்கினால், திருட்டைத் தடுக்கும் பூட்டான இம்மொபிலைசர் வண்டியைத் தடுத்திருக்கிறது. அந்த நிலையில் பல வண்டிகள் செல்ஃப் அடிக்கும், பெட்ரோல் விடாது. மாடியூல் மேல் தப்பில்லை. அதேபோல் வண்டி எங்கேயாவது பலமாக இடித்திருந்தால் பெட்ரோலை வெட்டும் இனர்ஷியா சுவிட்ச் விழுந்திருக்கலாம். சில வண்டிகளில் அது கால் வைக்குமிடத்துப் பக்கவாட்டிலோ டிக்கிக்குள்ளோ இருக்கும், அதன் தலையில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் சரியாகிவிடும். புது வண்டிகளில் இந்த வேலையை ஏர்பேக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது.

பேட்டரியையும் பாருங்கள். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே ஆழமாக இறங்கினால் மாடியூலே சரியாக முழித்துக்கொள்ளாது. பலவீனமான பேட்டரி, ஸ்கேனரில் தெரியும் பழுதுக் குறியீடுகளில், அதாவது கோடுகளில் (code), தப்பானவற்றை வாரிக்கொட்டும்.

இப்போது காது வேலை. ஒருவரைச் சாவியை ஆன் செய்யச் சொல்லுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். பின் சீட் அருகிலோ பெட்ரோல் மூடியைத் திறந்தோ கேளுங்கள். சுமார் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டு அடங்க வேண்டும். சில வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்ததுமே இது நடந்துவிடும். முனகலே இல்லையென்றால் பம்புக்குக் கரண்ட் போகவில்லை அல்லது பம்ப் செத்திருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் முனகிக்கொண்டே இருந்தால், மாடியூல் உள்ளே ஆன் நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிலே ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

இந்த அமைப்பைச் சுற்றி அடிக்கடி வரும் கோடுகள் சில. பி 0230, பி 0627, பி 025ஏ ஆகியவை பம்ப் அல்லது மாடியூலின் கட்டுப்பாட்டுச் சுற்றில் கோளாறு என்பவை. பி 0087 என்றால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலில் அழுத்தம் குறைவு. பி 069இ என்றால் செக் இன்ஜின் விளக்கை எரியவிடச் சொன்னதே இந்த மாடியூல்தான், அதற்குள் வேறு கோடு பதிவாகியிருக்கிறது, உள்ளே போய்ப் பார் என்று பொருள். யு 0109 என்றால் மாடியூலோடு பேச்சுவார்த்தையே அறுந்துவிட்டது. மலிவு ஸ்கேனர்கள் ஈசியுவை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். மாடியூலுக்குள் தனியாக நுழையக்கூடிய ஸ்கேனர் கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

கோடு சொல்வது எந்தச் சுற்றில் கோளாறு என்பதை மட்டுமே, எந்தப் பொருள் கெட்டது என்பதை அல்ல. பி 0627 பார்த்தவுடன் மாடியூல் வாங்கக் கிளம்புவது, காய்ச்சல் அடிக்கிறது என்றவுடன் ஏதோ ஒரு மாத்திரையை விழுங்குவது போல. வயர் அறுந்தாலும் அதே கோடு, எர்த் துருப்பிடித்தாலும் அதே கோடு.

கோடுகளை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவற்றோடு பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தையும் சேர்த்து. கோளாறு வந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எவ்வளவு சூடு, எவ்வளவு சுமை என்று அதில் இருக்கும். ரெயில் பிரஷர் சென்சார் உள்ள வண்டியில், கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ஐட்லிங்கில் இரண்டும் ஒட்டி நின்று, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கிடைத்தது மட்டும் சரிந்தால், அடைத்துக்கொண்ட ஃபில்டரோ சோர்ந்துபோன பம்போ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இல்லாமல் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, சற்று நேரத்தில் தானாக எழுந்தால் மின்சாரக் கோளாறு. அங்கேதான் நம் பெட்டி சந்தேகத்துக்குள் வருகிறது.

பெட்டியைத் தேடிப் போதல்

இருக்குமிடம் வண்டிக்கு வண்டி மாறும். பின் சீட்டுக்கு அடியில், டிக்கியின் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால், டேங்குக்கு மேலே, பிக்கப் வண்டிகளில் பின்புற சேசிஸில் ஸ்டெப்னிக்கு அருகில். இந்தக் கடைசி இடம்தான் மோசம். மழை, சேறு, சக்கரம் அள்ளி வீசும் கல் எல்லாம் அங்கேதான் போய் விழும். மாடியூலின் அடிப்பகுதி அலுமினியம், சேசிஸ் இரும்பு. இரண்டும் நேராகத் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் பொடிப்பொடியாக அரித்துப்போகும். வெள்ளைப் பவுடர் பூத்து, தகடு ஓட்டையாகி, உள்ளே சர்க்யூட் போர்டு தெரியும் அளவுக்குப் போன மாடியூல்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுடையது அப்படி இருந்தால் சோதனை அதிகம் தேவையில்லை. ஆனாலும் பம்ப் சோதனையை மட்டும் விடாதீர்கள்.

வயரிங் படம் இல்லாமல் இதற்கு மேல் போகாதீர்கள். எந்தப் பின் எதற்கு என்று ஊகித்துக் கரண்ட் கொடுத்தால், கெடாத ஈசியுவும் கெட்டுவிடும்.

கரண்டும் எர்த்தும்: மீட்டர் சொல்லும் பொய்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கனெக்டரைக் கழற்றுகிறீர்கள். சாவி ஆன். பேட்டரி கரண்ட் வரும் பின்னில் மல்டிமீட்டரை வைத்தால் 12.4 வோல்ட். 'சப்ளை ஓகே, மாடியூல்தான் போயிருக்கு' என்று முடிவு கட்டத் தோன்றும். பொறுங்கள். மல்டிமீட்டர் கிட்டத்தட்டக் கரண்டே இழுக்காது. இருபது இழைகள் உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து, ஒரே ஒரு இழை பச்சைப் பாசி பிடித்த நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.4 தான் காட்டும். பம்ப் ஐந்து ஆம்பியர் கேட்டவுடன் அந்த ஒற்றை இழையால் முடியாது.

அதனால் சுமை வையுங்கள். இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முனை சப்ளை பின்னில், மறு முனை பேட்டரி நெகட்டிவில். பல்ப் பளீரென்று எரிய வேண்டும். அது எரிந்துகொண்டிருக்கும்போதே அதே பின்னில் மீட்டரை வையுங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் வழியில் எங்கோ தடை. பல்ப் செம்மஞ்சளாக மினுக்கி மீட்டர் 3 வோல்ட்டுக்கு விழுந்தால், உங்கள் வில்லன் வயரிங். ஃப்யூஸ் பெட்டியின் அடிப்புறம், ரிலே கால்கள், சேசிஸ் வழியாக வயர் உரசிப் போகும் இடங்கள் என்று பின்னாலேயே தேடிப் போங்கள்.

எர்த்துக்கும் இதே முறைதான். பல்பின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறு முனை மாடியூல் கனெக்டரின் எர்த் பின்னில். பல்ப் எரியும்போது அந்தப் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் 0.1 வோல்ட் அளவில் காட்டினால் எர்த் சுத்தம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கும் இரும்பில் மறுபடி முடுக்குங்கள். பல வண்டிகள் இந்த இடத்திலேயே சரியாகிவிடும், மாடியூல் வாங்கவே தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பல்ப் வித்தை பருமனான சப்ளை வயருக்கும் எர்த் வயருக்கும் மட்டுமே. கட்டளை வயர், கேன் லைன், 5 வோல்ட் வயர்கள் பக்கம் பல்பைக் கொண்டுபோகாதீர்கள். அது இழுக்கும் கரண்டை ஈசியு தாங்காது.

கட்டளை வருகிறதா?

தனி வயரில் கட்டளை வரும் வண்டியில், கனெக்டர் மாட்டிய நிலையிலேயே பின்புறமாக மெல்லிய ஊசி முனை நுழைத்து அளக்க வேண்டும். மின் அலையைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் சதுர அலை அழகாகத் தெரியும். இல்லையென்றால் டியூட்டி சைக்கிள் அளக்கும் மல்டிமீட்டர் போதும். சாதாரண வோல்ட் அளவில் வைத்துவிட்டு, '6 வோல்ட்தானே வருது, பாதிதான் இருக்கு' என்று பயந்துவிடாதீர்கள். 12 வோல்ட் அலை பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப் என்றால் மீட்டர் சராசரியாக 6 தான் காட்டும். பம்புக்குப் போகும் வயரிலும் இதே மாதிரி தெரியும், அதுவும் பழுதல்ல.

ஃபோர்டின் பல மாடல்களில் மாடியூல் தன் நிலையை ஈசியுவுக்குத் திருப்பிச் சொல்லும் ஒரு வயர் உண்டு, படிக்கத் தெரிந்தால் பேருதவி. அதில் 50 சதவீதம் டியூட்டி என்றால் எல்லாம் நலம். 25 என்றால் ஈசியுவிடமிருந்து ஒழுங்கான கட்டளை வரவில்லை என்று மாடியூல் புகார் சொல்கிறது. 75 என்றால் தனக்கும் பம்புக்கும் நடுவே கோளாறு என்கிறது. 25-ஐப் பார்த்துவிட்டு மாடியூலை மாற்றினால் புது மாடியூலும் அதே 25-ஐத்தான் சொல்லும்.

கேன் லைன் வழியாகப் பேசும் வண்டியில் யு 0109 வந்திருந்தால், சப்ளையும் எர்த்தும் சரியென்று உறுதி செய்த பிறகு, பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் ஹை, கேன் லோ இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். லைனின் இரு கோடியிலும் 120 ஓம் வீதம் இருப்பதால் சேர்ந்து 60 பக்கம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

பம்பை விசாரித்தல்

இப்போது என் கதை. சொந்த வண்டி, சூடானால் நிற்கும். சப்ளை, எர்த், கட்டளை எல்லாம் பார்த்தேன், சரியாக இருந்தன. மாடியூலிலிருந்து வெளியே எதுவும் வரவில்லை. தெளிவான கேஸ். புதுசு மாட்டினேன், வண்டி பறந்தது. மூன்றாவது வாரம் அதே இடம், அதே நோய். அப்போதுதான் பம்புக்குப் போகும் வயரில், வயரை வெட்டாமல் கவ்விப் பிடித்தே கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் மாட்டிப் பார்த்தேன், 11 ஆம்பியர். அந்த வண்டியில் ஆறைத் தாண்டக்கூடாது. பழைய பம்ப் கனத்துச் சுற்றிக்கொண்டிருந்தது, ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் காபித்தூள் போலக் கறுப்பாக வந்தது. முதல் மாடியூலையும் அந்த பம்ப்தான் வறுத்திருக்கிறது, இரண்டாவதையும் அதேதான். பம்பும் ஃபில்டரும் போட்ட பிறகு மூன்றாவது மாடியூல் அலுங்காமல் ஓடுகிறது. முதல் நாளே இரண்டு நிமிடம் கிளாம்ப் மாட்டியிருந்தால் ஒரு மாடியூல் மிச்சமாகியிருக்கும்.

எப்படிச் செய்வது? முதலில் பம்பில் எத்தனை மோட்டார் வயர் என்று படத்தில் பாருங்கள். இரண்டு என்றால் சாதாரண பிரஷ் மோட்டார். மூன்று என்றால் பிரஷ் இல்லாத மோட்டார், அதற்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் சுற்றாது, கெட்டுப்போகும். அந்த வகைக்கு மூன்று வயர்களுக்குள் மாறிமாறி ஓம் பார்த்து, மூன்றும் ஒரே அளவு காட்டுகிறதா, எதுவும் பாடியோடு ஒட்டியிருக்கிறதா என்பதை மட்டும் சோதியுங்கள். கரண்ட் அளவை ஸ்கேனர் காட்டினால் அதை நம்புங்கள்.

இரண்டு வயர் பம்ப் என்றால், மாடியூலின் கனெக்டரைக் கழற்றி, வயரிங் பக்கத்தில் பம்புக்குப் போகும் பாசிட்டிவ் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த வயர் மூலம் கரண்ட் கொடுங்கள். நிறைய வண்டிகளில் பம்பின் நெகட்டிவும் மாடியூல் வழியாகத்தான் எர்த் ஆகும். அப்படியிருந்தால் அந்தப் பின்னையும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். பின்னுக்குச் சரியான அளவு முனையைப் பயன்படுத்துங்கள். மீட்டரின் தடித்த ஊசியைத் திணித்தால் பெண் முனை விரிந்துவிடும், பிறகு வாழ்நாள் முழுக்க லூஸ் கனெக்‌ஷன். பேட்டரியோடு இணைக்கும் முனையைக் கடைசியாக, டேங்கிலிருந்து தள்ளி வைத்துத் தொடுங்கள், பொறி அங்கேதான் வரும்.

பம்ப் ஓடும்போது டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை அந்த வயரில் மாட்டுங்கள். சாதாரண பெட்ரோல் கார்களில் 4 முதல் 8 ஆம்பியருக்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு. ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். சூடேறச் சூடேற ஆம்பியரும் ஏறிக்கொண்டே போனால் பம்ப் முடிந்தது. ஆம்பியர் மிகக் குறைவாக இருந்து அழுத்தமும் வராவிட்டால் பம்ப் சும்மா சுற்றுகிறது அல்லது வழியில் தடை.

இந்த நேரடி வயரை அப்படியே வைத்து வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடும் என்பதைக்கூட விடுங்கள். விபத்து நடந்தால் பம்பை நிறுத்த ஆளில்லை, அறுந்த குழாய் வழியாகப் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

தீர்ப்பு

சுமை வைத்துப் பார்த்த சப்ளை சரி, எர்த் சரி, கட்டளை வருகிறது, பம்பும் அதன் வயரும் நேரடிக் கரண்டில் ஒழுங்காக ஓடுகின்றன, ஆனால் மாடியூலிலிருந்து பம்புக்கு ஒன்றும் வரவில்லை. இவை எல்லாம் சேர்ந்தால் மட்டும் மாடியூல் குற்றவாளி.

விட்டுவிட்டு வரும் கோளாறுதான் கழுத்தறுக்கும். நீங்கள் மீட்டரோடு உட்கார்ந்தால் வண்டி நல்ல பிள்ளையாக ஓடும். இதற்கு ஹேர் டிரையர் கைகொடுக்கும். இன்ஜினை ஓடவிட்டு மாடியூலை மட்டும் இதமாகச் சூடாக்குங்கள், கை வைக்க முடியாத சூடு வேண்டாம். பெட்ரோல் வாடை துளியும் இருக்கக்கூடாது, டிரையருக்குள் சிவந்த கம்பி இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். சூட்டில் நின்று, ஆறினால் எடுத்தால் உள்ளே சால்டர் விரிசலாக இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் லேசாகத் தட்டியும் பாருங்கள். கனெக்டருக்கு அருகில் வயரை ஆட்டும்போது நின்றால் மாடியூல் இல்லை, வயர்.

புது மாடியூல் வாங்கும்போது

பழையதன் மேல் இருக்கும் பார்ட் நம்பரைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். உருவமும் கனெக்டரும் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே மென்பொருள் வேறாக இருக்கலாம். தயாரிப்பாளர் புது நம்பருக்கு மாற்றியிருந்தால் அது எதற்குப் பதில் என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

தனி வயரில் கட்டளை வாங்கும் பழைய வகை, மாட்டினால் ஓடும். கேன் லைன் வகை பலவற்றுக்கு வண்டியின் சேசிஸ் எண்ணையும் அந்த மாடலுக்கான மென்பொருளையும் ஏற்ற வேண்டும். அதற்கான கருவி உங்களிடம் இல்லையென்றால், யார் ஏற்றித் தருவார் என்று வாங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய மாடியூலில் அந்த வண்டியின் எண் பூட்டியிருக்கலாம், அதனால் எனக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை.

கழற்றி மாட்டுதல்

சாவியை எடுத்து, கதவுகளை மூடி, சில நிமிடம் விடுங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கட்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டிக்கடியில் போவதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போடுங்கள். ஸ்டெப்னி வழிமறித்தால் முதலில் அதை இறக்கிவிடுங்கள்.

கனெக்டரைத் தொடும் முன் அதைச் சுற்றியிருக்கும் மண்ணைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் திறந்தவுடன் எல்லாம் பின்னுக்குள் போய் விழும். பெரும்பாலும் ஒரு குட்டிப் பூட்டு இருக்கும், சிவப்பு நிறத்தில். முதலில் அதை இழுத்து, அப்புறம் நாக்கை அமுக்கி, கனெக்டரின் உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். வரவில்லையென்றால் உள்ளே தள்ளிவிட்டு மறுபடி அமுக்குங்கள், அழுக்கு விலகி வந்துவிடும்.

போல்ட் துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். காஸ் டார்ச் வைத்துச் சூடாக்கும் யோசனை வந்தால், பக்கத்தில் இருப்பது பெட்ரோல் டேங்க் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

கழற்றிய கனெக்டருக்குள் விளக்கடித்துப் பாருங்கள். பச்சைப் பூஞ்சை, கறுத்த பின், உருகிய பிளாஸ்டிக் இருந்தால் அந்த முனையை மாற்றாமல் புது மாடியூலை மாட்டாதீர்கள். உருகியிருப்பது அதிகக் கரண்ட் ஓடியதன் தடயம், மறுபடி பம்ப் பக்கம் போக வேண்டும் என்று அர்த்தம். மேலோட்டமான அழுக்கு என்றால் காண்டாக்ட் கிளீனர் போதும். ரப்பர் சீலில் மெல்லிதாக, கரண்ட் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள்.

மாட்டும் இடத்தின் துருவைத் தேய்த்து பெயின்ட் அடியுங்கள். மாடியூல் இரும்பில் நேராக உட்காராதபடி, புதியதோடு ஸ்பேசர் கொடுத்திருந்தால் அவசியம் போடுங்கள். கொடுக்கவில்லையென்றால் அதே மாடலுக்கான ஸ்பேசர் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று ரப்பர் ஷீட்டிலோ பிளாஸ்டிக் பையிலோ சுற்றிவிடாதீர்கள். அந்த அலுமினிய முதுகுதான் அதன் சூட்டை வெளியே விடுகிறது. சின்ன போல்ட்கள்தான், கையிறுக்கத்துக்கு மேல் ஒரு கால் சுற்று போதும். வயரை நேராகக் கனெக்டருக்குள் விடாமல், கீழே ஒரு தொய்வு வைத்து மேலேற்றுங்கள். வயர் வழியாக வரும் தண்ணீர் அந்தத் தொய்விலிருந்தே சொட்டிவிடும்.

மென்பொருள் ஏற்ற வேண்டியிருந்தால் அந்த நேரம் முழுக்கப் பேட்டரிக்கு சீரான சார்ஜர் கொடுத்து வையுங்கள். பாதியில் வோல்ட் இறங்கினால் புது மாடியூல் அங்கேயே எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடும்.

ஸ்டார்ட் செய்த பிறகு

நெகட்டிவை மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று தடவை ஆன்-ஆஃப் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு விநாடி முனகல் கேட்க வேண்டும். கேஜ் மாட்டியிருந்த இடத்தில் கசிவு இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஸ்டார்ட். ஓடும்போது பம்ப் வயரின் ஆம்பியரைக் கிளாம்ப் மீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். பேட்டரி கழற்றியதால் முதல் சில நிமிடம் ஐட்லிங் ஏறி இறங்கலாம், பதற வேண்டாம்.

கோடுகளை அழித்துவிட்டு ஸ்கேனரோடு ஒரு சுற்றுப் போங்கள். மேடு ஒன்றிலாவது முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள், கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒட்டியே போக வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் நிறுத்தி, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள், பழைய நோய் வெளிவரும் நேரம் அதுதான். வந்து சேர்ந்ததும் பதிவாகாமல் காத்திருக்கும் பெண்டிங் கோடுகளையும் படியுங்கள்.

பழைய மாடியூலை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒரு மாதம் இருக்கட்டும். முதல் நல்ல மழைக்குப் பிறகு ஒருமுறை கனெக்டரைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், கிளாம்ப் மீட்டரையும் இன்னொரு தடவை பம்ப் வயரில் மாட்டி, மாற்றிய அன்று எழுதி வைத்த ஆம்பியரோடு ஒப்பிடுங்கள்.